மங்கல வரிசையும் மூன்றாவது பத்தியும்

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932, பிரிவு 58, உட்பிரிவு 3 சொல்வது இதுதான்: கூட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் பேரரசர், பேரரசி போன்ற சொற்கள் இருக்கக் கூடாது, அரசின் ஒப்புதல், அங்கீகாரம், ஆதரவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் கூடாது. அடுத்த பிரிவின்படி, எல்லாம் சரி என்று பதிவாளர் திருப்தி அடைந்தால் பெயரைப் பதிய வேண்டும். 'பதியலாம்' அல்ல, 'பதிய வேண்டும்'.

'மங்கல வரிசை' என்ற பெயரில் எந்த அரசாங்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1997இல் நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். என் மேஜையைத் தாண்டிப் போன கோப்பு எதுவும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. (தாண்டிப் போனதே குறைவு என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.) வீடு கிழக்குத் தாம்பரத்தில். என் மனைவி வத்சலாவும், கேம்ப் ரோட்டில் இருந்த ஓவிய ஆசிரியை ஸ்டெல்லாவும் கல்யாண வரிசைத் தட்டுகளை அலங்கரிப்பதில் கெட்டிக்காரர்கள். ரவிக்கைத் துணியில் மயில் மடிப்பார்கள். தேங்காய்க்குக் கண் மூக்கு வரைந்து மாப்பிள்ளையாக்குவார்கள். (பல கல்யாணங்களில் தேங்காய்தான் லட்சணமாக இருந்தது.)

ஸ்டெல்லாவிடம் படித்த பத்மா நியூஜெர்சியில் இருந்து தொலைபேசினாள். "டீச்சர், இங்க நாலஞ்சு கல்யாணம் இருக்கு. உங்க தட்டுதான் வேணும்னு சொல்லி வச்சிருக்கேன். ஆனா இவங்க நெட்ல படம் பாக்காம ஆர்டர் குடுக்க மாட்டாங்க. தை பொறக்கறதுக்குள்ள வெப்சைட் போட்டுடுங்க. இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

வத்சலா அன்று இரவு தூங்கவில்லை. கல்யாணமான நாளில் இருந்து என் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவள். தன் கையெழுத்தில் ஒரு காசோலை கிழிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, 'மங்கல வரிசை'ன்னு பேர் பதியற வேலைய மட்டும் நீங்க பாத்துக்கோங்க. உங்களுக்குத்தான் ரூல்ஸ் எல்லாம் அத்துப்படி."

அப்படி அவள் என்னை நம்பியது அதுவே கடைசி.

முதலில் குரோம்பேட்டையில் பாஸ்கரின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். வீடியோ கேசட் வாடகைக் கடையை மூடிவிட்டு இன்டர்நெட்டுக்கு மாறியிருந்தான். திரையைப் பார்த்தான்.

"இன்னா சார் யோசிக்கிற? வெப்சைட் பேரு காலியா கீது. இப்பவே போட்டா உன்னுது. நாளைக்கு எவனாவது பூந்துட்டான்னா அவனுது. அப்பால பேஜாரு."

"நாங்கள் யார் என்று விசாரிக்க மாட்டார்களா?"

"எதுக்கு சார்?"

"பதிவுச் சான்றிதழ்?"

"அதெல்லாம் எவனும் கேக்க மாட்டான். கார்டு இருந்தாப் போதும்."

"ரேஷன் கார்டு வீட்டில் இருக்கிறது."

பாஸ்கர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "கிரெடிட் கார்டு, சார்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாட்சி இல்லை, சான்றொப்பம் இல்லை, கேட்டவனுக்குப் பெயரைத் தூக்கிக் கொடுப்பது ஒரு நிர்வாகமா? "முதலில் அரசாங்கப் பதிவு, பிறகுதான் இது" என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு பெண்களையும் வெளியே அழைத்து வந்தேன். ஸ்டெல்லா திரும்பித் திரும்பிக் கடையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இருவரின் கூட்டு நிறுவனத்துக்கான விண்ணப்பத்தை நானே தயாரித்தேன். கூடவே ஒரு முகப்புக் கடிதம். அதன் மூன்றாவது பத்தி இது: 'மேற்படி பெயர் அரசின் ஒப்புதல், அங்கீகாரம், ஆதரவு எதனையும் குறிப்பதன்று எனப் பணிவுடன் உறுதி கூறுகிறோம்.'

"இது எதுக்குங்க?" என்றாள் வத்சலா.

"முன்னெச்சரிக்கை. கேள்வி வருவதற்கு முன்பே பதில்."

பதிவு அலுவலகம் எந்த ஊரில் என்று சொல்லப்போவதில்லை. அந்த அலுவலகமும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். அங்கிருந்த உதவியாளர் விண்ணப்பத்தைப் புரட்டினார். தலையாட்டினார். ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி உயர்த்தினார். இறக்குவதற்குள் அவர் கண் முகப்புக் கடிதத்தில் விழுந்தது. முத்திரை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல மைப்பெட்டிக்கே திரும்பிப் போனது.

"சார், இந்தப் பேர்ல கவர்மென்ட் இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"பிரிவு 58(3)இன்படி ஒரு தெளிவுக்காக."

"எனக்குத் தெளிவாத்தான் சார் இருந்துது. நீங்க எழுதினப்புறம்தான் டவுட்டா இருக்கு." பக்கத்து மேஜைக்காரரிடம் நீட்டினார். "அண்ணா, மங்கலம்னா கவர்மென்டாண்ணா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வரிசைதான்பா இடிக்குது. ரேஷன்ல நிக்கறதும் வரிசைதானே? மேல அனுப்பி கிளாரிபிகேஷன் கேட்டுரு."

"அந்தப் பத்தியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

"வாபஸ் வாங்கினா, ஏன் வாபஸ் வாங்குனீங்கன்னு மேல கேப்பாங்க சார். இருக்கட்டும்."

திரும்பும் மின்சார ரயிலில் வத்சலா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "கேக்காமலே போய், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கோம்." ஸ்டெல்லா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். குரோம்பேட்டை வந்ததும், ஜரிகை வாங்க வேண்டும் என்று சொல்லி இருவரும் இறங்கினார்கள். நான் தாம்பரம் போய்ச் சேர்ந்து முதல் நினைவூட்டுக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. நினைவூட்டு, மறு நினைவூட்டு, நேர்முக நினைவூட்டு. பதில் இல்லை. வீடு முழுக்கத் தட்டுகளாக இருந்தன. தேங்காய் மாப்பிள்ளைகளின் பார்வையில்தான் நான் தினமும் சாப்பிட்டேன். எல்லாம் மாதிரிக்குச் செய்தவை என்று நினைத்துக்கொண்டேன். தை நெருங்க நெருங்க நான்தான் தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றேன். வத்சலா பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் இப்படி ஆகிவிட்டாளோ என்றுகூட பயந்தேன்.

மார்கழிக் கடைசியில் பாஸ்கரிடம் ஓடினேன். போகட்டும், சான்றிதழ் இல்லாமலே அந்தப் பெயரை வாங்கிவிடலாம் என்று கொள்கையைத் தளர்த்திக்கொண்டுதான் போனேன்.

"பூட்ச்சி சார். யாரோ எடுத்துட்டாங்கோ."

"யார்?"

"யாரோ, சார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. விசாரணை இல்லாமல் பெயரைக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று அன்றே சொன்னேனா இல்லையா? என் மனைவியின் உழைப்பைத் தின்ன வந்த அந்தத் திருடனைச் சும்மா விடுவதில்லை. அங்கேயே ஒரு காகிதம் வாங்கி, வெப்சைட் பெயர்களைக் கொடுக்கும் அமெரிக்கப் பதிவகத்துக்கு முறையீடு எழுதத் தொடங்கினேன். 'போலி நபர்', 'மோசடி', 'தண்டனைக்குரிய செயல்' எல்லாம் வந்தாயிற்று.

"எடுத்தவர் விலாசம் பார்க்க முடியுமா?"

பாஸ்கர் திரையை உடம்பால் மறைத்தான். "வோணாம் சார். அக்கா திட்டும்."

"எந்த அக்கா?"

அவன் நகர்ந்துகொண்டான். திரையில் இருந்தது என் வீட்டு விலாசம். அதற்கு மேலே 'திருட'னின் பெயர்: வத்சலா. நாங்கள் பதிவு அலுவலகம் போய் வந்த அதே நாளில், ஜரிகை வாங்க இறங்கிய அதே மாலையில், பத்மாவின் கார்டில் வாங்கியிருந்தார்கள். படங்களும் அப்போதே ஏறிவிட்டன. முதல் கல்யாணத்துக்கான பெட்டிகள் போய்ச் சேர்ந்தே சில நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "பாங்க் கணக்கு? பதிவு இல்லாமல் எப்படித் திறந்தார்கள்?"

"மேனேஜரே சொன்னார். ஒப்பந்தப் பத்திரம் இருந்தாப் போதுமாம். பதிவு கட்டாயமே இல்லையாமே?"

கட்டாயம் இல்லைதான். எனக்குத் தெரியாதா? கட்டாயம் இல்லாததையும் ஒழுங்காகச் செய்பவன்தான் நாகரிகமான மனிதன் என்று விளக்கினேன். வத்சலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு காசோலை கிழித்து நீட்டினாள். என் பெயருக்கு. "தபால் செலவுக்கு. எத்தனை நினைவூட்டு!"

இன்றும் எங்கள் வீட்டில் நான் என்ன எழுதினாலும், பால்காரருக்கு இரண்டு வரி எழுதினாலும், "மூணாவது பாரா இருக்கா?" என்ற கேள்வி வரும். பேத்தி பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்துக்கு என்னிடம் வருவதே இல்லை. ("தாத்தா எழுதினா, காய்ச்சல் பொய் இல்லைன்னு எழுதிடுவாரு.")

பதிவு அலுவலகத்தைக் குறை சொல்லக் கூடாது. பதில் வந்தது. நான் பணி ஓய்வு பெற்று, சக ஊழியர்கள் போட்ட மாலையோடு, 'மங்கல வரிசை' அலங்கரித்த பிரிவுபசாரத் தட்டைக் கையில் ஏந்தி ஆட்டோவில் இருந்து இறங்கியபோது, வத்சலா வாசலில் நின்று அதை உரக்கப் படித்தாள்: 'தங்கள் நிறுவனப் பெயரில் அரசைக் குறிக்கும் சொல் ஏதுமில்லை எனத் தெளிவுபடுத்தப்படுகிறது. எனவே தேவையற்ற மூன்றாவது பத்தியை நீக்கிவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கவும்.'

மாலையைக் கழற்றுவதற்கு முன்பே பேனாவை எடுத்து, கடிதத்தின் மூலையில் முறைப்படி குறித்து வைத்தேன்: பெறப்பட்டது, 31 மே 2000, பிற்பகல்.