ஓஸ்லோவில் ஒரு தட்டு இறைச்சி உருண்டை

“இறைச்சி உருண்டை இருக்கா, இல்லையா?” என்று ஹால்வார் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கண்ணாடிக் கதவருகே நின்ற பரிமாறுகிறவன் மூன்றாவது முறையும் முகம் மாறாமல் சொன்னான். “எங்க சமையல்காரர் ‘இறைச்சி உருண்டையின் நினைவு’ன்னு ஒண்ணு பண்றாருங்க. பதினாலு தட்டு வரும், அதுல இது ஒன்பதாவது. ஒரு கல்லு மேல நுரையா வச்சுத் தருவோம்.”

“நினைவு என்கிட்டயே நாப்பது வருஷமா இருக்கு தம்பி. எனக்கு உருண்டைதான் வேணும்.”

“முன்பதிவு பண்ணியிருக்கீங்களா?”

ஹால்வார் வெளியே ஒட்டியிருந்த விலைப் பட்டியலைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

“இந்த இடம்தானா?” என்றாள் குட்ருன்.

“இதே இடம்தான். கடலு அங்கேயேதானே இருக்கு.”

கடல் மட்டும்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே கப்பல் பட்டறை. ஹால்வார் அதில் வெல்டர். வாசலில் தகரக்கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. செருப்புக்கடையில் வேலை பார்த்த குட்ருனைச் சனிக்கிழமைதோறும் அங்கே கூட்டிவருவார். ஒரு சனிக்கிழமை, முகவாயில் பழுப்புக் குழம்பு ஒட்டியிருக்க, “சரி, கட்டிக்கலாம்” என்று அவள் சொன்னதும் அங்கேதான்.

போன குளிர்காலம் முழுக்க குட்ருன் படுக்கையில் கிடந்தாள். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. எதை வைத்தாலும் கோழி கொத்துவதுபோல் இரண்டு வாய், அதோடு தட்டைத் தள்ளிவிடுவாள். உடம்பு பாதியாகிவிட்டது. போன வாரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பட்டறை வாசல் உருண்டை கிடைச்சா ஒரு தட்டு சாப்பிடுவேன்” என்றாள். மறுநாளே ஹால்வார் ரயில் சீட்டு எடுத்துவிட்டார்.

கூடவே ஒரு தப்பும் செய்தார். எங்கள் ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போனாலும் நாலு துண்டு ரொட்டியை நடுவில் தாள் வைத்துக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். குட்ருனும் காலையில் கட்டி வைத்திருந்தாள். “ஓஸ்லோவுல எனக்குத் தெரியாத கடையா? இதத் தூக்கிட்டு வந்தா சிரிப்பாங்க” என்று அதைச் சமையலறை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

“பேசாம கடையில ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி வாங்கி பெஞ்சுல உக்காந்துக்கலாம்” என்றாள் குட்ருன்.

“ரொட்டி திங்கவா அஞ்சு மணி நேரம் ரயில்ல வந்தோம்?”

டிராமில் உட்கார்ந்திருந்த ஒருவர், மலைமேல் ஒரு பழைய விடுதி இருக்கிறது, அங்கே பாட்டன் காலத்துச் சாப்பாடு கிடைக்கும் என்றார். மேலே ஏறினார்கள். கதவில் பூட்டு.

“திங்கக்கிழமை லீவாம்” என்று எழுதியிருந்ததைக் குட்ருன் படித்தாள். “இன்னிக்கு என்ன கிழமை?”

“பாத்துட்டுதானே படிக்கிற, அப்புறம் ஏன் கேக்கற?”

“உன் வாயால கேக்கணும்னுதான்.”

கீழே இறங்கினார்கள். அவள் நடை தளர்ந்தது. பயந்துபோன ஹால்வார், தெருவோரப் பெட்டிக்கடையில் உருளைக்கிழங்கு அப்பத்தில் சுற்றிய சாசேஜ் இரண்டு வாங்கினார். ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் கைக்குப் போகுமுன் ஒரு கடற்பறவை வந்து அதைக் கொண்டுபோனது. “அடச்சீ!” என்று மற்ற கையை ஓங்கினார். அதில் இருந்ததை இன்னொன்று கொண்டுபோனது.

“ஊருல இருக்கிற பறவைக்கெல்லாம் விருந்து வச்சுட்ட கிழவா” என்றாள் குட்ருன். சிரித்தாள்தான். ஆனால் சிரித்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. நாலு மணிக்குத் திரும்பும் ரயில். மணி ஒன்றே முக்கால்.

எதிரே தேவாலயத்தை ஒட்டிய சிறு மண்டபம். வாசலில் ஒரு பலகை. சாக்கட்டியில் எழுதியிருந்தது: ‘எல்லாரும் வரலாம். சூடான சாப்பாடு உண்டு.’

உள்ளே காப்பி வாசனை. இன்னொரு வாசனையும் வந்தது. ஹால்வார் நாய்போல் மூக்கைத் தூக்கினார். பழுப்புக் குழம்பு!

ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். ஏப்ரன் கட்டிய ஒருத்தி இரண்டு தட்டுகளை வைத்துவிட்டுப் போனாள். உருண்டை, குழம்பு, பட்டாணி மசியல், ஓரத்தில் சிவப்புப் பழ ஜாம்.

அதற்குப் பிறகுதான் ஹால்வார் நிமிர்ந்து பார்த்தார். பாதிப் பேர் கறுப்பு உடையில். முன் மேசையில் மெழுகுவத்தி. அதன் பக்கத்தில் தொப்பி போட்ட ஓர் இளைஞனின் பழைய புகைப்படம்.

“குட்ருன், எழுந்திரு. இது சாவு விருந்து.”

குட்ருன் எழுந்திருக்கவில்லை. முதல் வாய் உள்ளே போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“அதேதான்” என்றாள்.

ஹால்வாரும் முள்கரண்டியை எடுத்தார்.

முன்னால் ஒவ்வொருவராக எழுந்து இறந்தவரைப் பற்றிப் பேசினார்கள். உயரமான ஒரு பெண், தனக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்ததே ரெய்டார்தான் என்று மூக்கைச் சிந்தினாள். தாடிக்காரர் ஒருவர், மீன்பிடிப் படகில் ரெய்டார் அக்கார்டியன் வாசித்தால் அலையே அடங்கிவிடும் என்றார். இன்னொருவர், ரெய்டார் மாதிரி மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்க நாட்டிலேயே ஆள் இல்லை என்றார்.

“எத்தன தொழில் தெரிஞ்ச மனுஷன் பாரு” என்று ஹால்வார் முணுமுணுத்தார்.

குட்ருன் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. “இன்னும் ரெண்டு கிடைக்குமா?”

நாலு மாதமாக அவர் கேட்கக் காத்திருந்த சொல் அது. தட்டோடு விருட்டென்று எழுந்தார்.

சாவு விருந்தில் ஒருவர் எழுந்து நின்றால் பேசப் போகிறார் என்று அர்த்தம். மண்டபம் அடங்கியது. சடங்கை நடத்திய மீசைக்காரர் தலையை ஆட்டி, “சொல்லுங்க. உங்களுக்கு ரெய்டார் எப்படிப் பழக்கம்?” என்றார்.

ஹால்வார் தட்டைப் பார்த்தார். தட்டு ஒன்றும் சொல்லவில்லை.

“ரெய்டாரும் நானும்... பட்டறையில ஒண்ணா இருந்தோம்” என்றார். “ஜனவரியில இரும்பத் தொட்டா கையுறை ஒட்டிக்கும். பதினொரு மணிக்குச் சங்கு ஊதுவாங்க. எல்லாரும் ஓடுவோம். கடைக்காரம்மா தட்டுக்கு மூணு உருண்டை போடுவாங்க. குளிர்ல மூஞ்சி ரொம்ப நீலமா இருந்தா நாலு. ஜன்னல் பூரா ஆவி படிஞ்சு வெளிய கப்பலே தெரியாது. யாரும் பேசிக்க மாட்டோம். ஆனா அங்க ஒருத்தனும் தனியா இல்ல.”

நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தார். வாய் நிற்கவில்லை.

“ஒரு சனிக்கிழமை ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்தேன். உக்கார இடமில்ல. ரெய்டார் எழுந்து இடம் விட்டாரு. தன் தட்டுலேர்ந்து ஒரு உருண்டைய எடுத்து அவ தட்டுல வச்சாரு. நின்னுக்கிட்டே மிச்சத்தச் சாப்பிட்டாரு. அதுக்கு நான் நன்றி சொன்னதே இல்ல.”

உண்மையில் இடம் விட்டவன் பட்டறையில் கூட வேலை பார்த்த ஸ்வெர்ரே. அவன் இறந்தபோது பனிப்புயலில் ரயில் ஓடவில்லை. ஹால்வாரால் வர முடியவில்லை. “நன்றிடா” என்று புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தாடிக்காரர் கைக்குட்டையில் சத்தமாக மூக்கைச் சிந்தினார். ஏப்ரன்காரி, கேட்காமலே, குட்ருன் தட்டில் நாலு உருண்டை வைத்தாள்.

“ஸ்வெர்ரேதானே அது?” என்று குட்ருன் மெதுவாகக் கேட்டாள்.

“சாப்பிடு.”

நாலையும் சாப்பிட்டாள். மூன்றேகாலுக்கு இருவரும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவப் பார்த்தார்கள். வாசலில், கறுப்புச் சால்வை போர்த்திய மிக வயதான ஓர் அம்மாள் ஹால்வாரின் கையைப் பிடித்தார். ரெய்டாரின் மனைவி.

ஹால்வாருக்குக் காது வரை சிவந்தது. “அம்மா, மன்னிச்சுடுங்க. உங்க வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்ல. இவ நாலு மாசமா சரியாச் சாப்பிடல. குழம்பு வாசனை வந்துச்சு. சாவு வீட்டுல வந்து பொய் சொல்லிட்டேன்.”

அந்த அம்மாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“ரெய்டார் காலம் பூரா பல் பிடுங்கினவருங்க, தொண்ணூத்தி மூணு வயசுல கூட்டாளின்னு ஒருத்தரும் மிச்சமில்ல, அதனாலதான் நானே வாசல்ல பலகை எழுதி வச்சேன் — இன்னிக்கு எழுந்து பேசின நாலு பேருமே பசியோட தெருவுலேர்ந்து வந்தவங்கதான்.”