ஓர் இரவுப் பயணத்துக்கு முப்பத்தெட்டு நாள்

பயணம் போகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்களே எழுதித் தள்ளிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது, பயணத்துக்குத் தயாராகிறவர்களைப் பற்றி. வாசகரே, இந்தப் பிராணியைக் காடு மேடெல்லாம் தேட வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில், தரை தெரியாமல் சாமான்களைப் பரப்பி, நடுவில் சம்மணம் போட்டு, வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு, ஏதோ ஒரு பையின் வாரை ஏழாவது தடவையாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கும். எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள், முகம் மலரும். எப்போது போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கூச்ச சுபாவமுள்ள பிராணி அது.

இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கூடம் என்னுடையது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். வருகிறவர் மூக்கில் கனமான வளையத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. என் மனைவியின் தம்பி கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பத்து மாதம் கடல். இந்த முறை நாற்பது நாள் லீவில் வந்தவன், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்:

"அத்தான், நாம ரெண்டு பேரும் சைக்கிள்ல அந்த மலைமேட்டுப் பக்கம் போயிட்டு வரலாமா? ஒரே ஒரு ராத்திரி. மனுஷ நடமாட்டமே இல்லாத இடமாம்."

"அதுக்கென்ன மாப்ள, தாராளமா போலாம். சின்னதா ஒரு திட்டம் மட்டும் போட்டுக்கறேன்."

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

முதல் வாரம் வரைபடங்களில் போனது. மேட்டு நிலத்துக்குப் போவது ஒரே பாதை. ஆனாலும் மாற்றுப் பாதை ஒன்று, மாற்றுக்கு மாற்று ஒன்று என்று தயார் செய்தேன். இரண்டாம் வாரம் பைகள். கைப்பிடியில் மாட்டுவது, இருக்கைக்கு அடியில் தொங்குவது, சைக்கிள் சட்டத்தின் வயிற்றுக்குள் செருகுவது என்று ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வாங்கி, மனைவியின் முகத்துக்கு நேரே மாற்றி மாற்றிப் பிடித்து, "இதுவா, அதுவா?" என்று கேட்டேன். "ரெண்டும் மங்கலாத்தான் தெரியுது" என்றாள். மூன்றாம் வாரம் எடை. சைக்கிளில் போகிறவனுக்கு ஒவ்வொரு கிராமும் பகை என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்தேன். ஆறு கிராம் மிச்சம். இவ்வளவு சின்ன பிரஷ் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று தோன்றியதால், முழு பிரஷ் ஒன்றையும் எடுத்து வைத்தேன்.

"ஒரு ராத்திரிக்கு எதுக்கு மூணு டார்ச்?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு. அதுவும் போனா மூணாவது."

"மூணும் போனா?"

நான் சிரிக்கவில்லை. மறுநாள் நாலாவது டார்ச் வந்தது.

கூடாரம் அடிக்கும் ஒத்திகையைக் கூடத்திலேயே நடத்தினேன். கயிற்றின் ஒரு முனை சோபாக் காலில், மறுமுனை தையல் இயந்திரத்தில். மைத்துனன் உள்ளே போய்ச் செய்தித்தாள் படித்துவிட்டு, "அத்தான், இங்கேயே படுத்துட்டு வந்தா என்ன? பாத்ரூமும் பக்கம்" என்றான். திட்டமோ நாலு பக்கத்தில் தொடங்கிப் பதினேழு பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒரு வாரக்கடைசி, மழைக்கு வாய்ப்பு என்றார்கள், தள்ளிப்போட்டேன். மழை பெய்யவில்லை. அடுத்த வாரக்கடைசி, ஒரு வார் நீளம் போதவில்லை, தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு முறையும் அவன், "சரி அத்தான்" என்று சிரித்தான். கோபப்படாதவர்களெல்லாம் நமக்கு உடன்பட்டவர்கள் என்று நினைப்பது எங்கள் இனத்தின் பிறவிக்குணம்.

முப்பத்தெட்டாம் நாள் விடியற்காலை. வாசலில் சைக்கிள் மணி. பழைய சைக்கிள் ஒன்றின் பின்னால் ஒரு கம்பளியும் ஒரு துணிப்பையும் கட்டிக்கொண்டு மைத்துனன் நின்றான்.

"கிளம்புங்க அத்தான்."

"இன்னிக்கா? பதினோராம் பக்கம் இன்னும் முடியலையேப்பா!"

"நாளை மறுநாள் நான் கப்பல் ஏறணும்."

"போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "இல்லேன்னா அந்தப் பதினேழு பக்கத்தோடவே குடித்தனம் நடத்துங்க."

போனோம். என் சைக்கிள் வீடு மாற்றும் வண்டி மாதிரி இருந்தது. ஏற்றத்துக்கு நாற்பது நிமிடம் என்று திட்டம் சொன்னது. மூன்று மணி நேரம் தள்ளினேன். பாதி வழியில் அவன் என் பைகளில் இரண்டைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டிக்கொண்டான். மேலே போனால் மரமில்லை, வீடில்லை. கட்டைப் புல்லும் பாறையும் காற்றும் மட்டும். வானம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தைப் பிரித்தேன். துணி இருந்தது, முளைகள் இருந்தன, கயிறு இருந்தது. துணியைத் தாங்கும் கம்புகள்? ஒத்திகை முடிந்த நாளிலிருந்து அவை சோபாவுக்குப் பின்னால் நிம்மதியாகச் சாய்ந்திருந்தன. ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன். "கம்புகள்" என்பதற்கு நேரே, என் கையாலேயே, இரண்டு டிக்.

அவன் புல்லில் உட்கார்ந்து, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தான். நான் சிறிது நேரம் மானத்தோடு நின்றேன். அப்புறம் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இடிந்த ஆட்டுப்பட்டி ஒன்றின் சுவர் மூலையில் துணியை விரித்துக் கல்லை வைத்தோம். அவன் பையிலிருந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் தின்றோம். அப்புறம் அவன் சொன்னான்:

"கப்பல்ல காலையில எழுந்தா ஒரு பட்டியல், மத்தியானம் ஒரு பட்டியல். எந்த வால்வை எப்ப திறக்கணும், எப்ப மூடணும்னு. எதையும் எழுதி வைக்காம ஒரு நாள் இருக்கணும்போல இருந்துச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அதுக்கு என்னையா கூப்பிட்டே?"

"வேற விஷயமும் இருந்துச்சு அத்தான். இந்தத் தடவை ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நடுவுல வர முடியாது. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முதல்ல உங்ககிட்ட சொல்லலாம்னு வந்த அன்னிக்கே நினைச்சேன்."

"அடப்பாவி! கூடத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"கூடத்துல உட்கார இடம் எங்க இருந்துச்சு?"

பஞ்சர் ஆனால் என்ன செய்வது, பாம்பு வந்தால் என்ன செய்வது, இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் எழுதிவைத்திருந்த பதினேழு பக்கத்தில், இதற்கென்று ஒரு வரிகூட இல்லை. முப்பத்தெட்டு நாளாக அவன் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் எதிரில் நடமாடியிருக்கிறான். நான் பிரஷை எடை போட்டிருக்கிறேன்.

"நான் வேணா அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

மறுநாள் இறங்கி வந்தோம். வாசலிலேயே அக்காவிடம் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். அவள் அவன் முதுகில் இரண்டு அடி போட்டாள். அப்புறம் அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதுவதற்கில்லை. அத்தனையும் நியாயம். அடுத்த நாள் அவன் போய்விட்டான்.

திருந்தினேனா? அன்று மாலையே உட்கார்ந்து பதினெட்டாம் பக்கத்தைத் தொடங்கினேன்.

"என்ன அது?"

"அவன் திரும்பி வந்த மறுநாளே கிளம்பற மாதிரி இப்பவே எல்லாம் தயார் பண்ணிடலாம்னு..."

"ரெண்டு வருஷம் போதுமா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நெருக்கடிதான்.

சிரிக்கிறீர்கள் வாசகரே. சிரியுங்கள். நீங்கள் சைக்கிளே ஓட்டத் தெரியாதவராக இருக்கலாம். மலையேறும் உத்தேசமே இல்லாதவராக இருக்கலாம். ஆனால், "ஒரு நாள் வாங்களேன், சாவகாசமா உட்கார்ந்து பேசலாம்" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறீர்கள். வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும், வேலை கொஞ்சம் ஓய வேண்டும், எல்லாம் அமைய வேண்டும் என்று அந்த நாளைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அவரும் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சரி என்றார், இல்லையா?

எதற்கும், அவர் இன்னும் எத்தனை நாள் ஊரில் இருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.