காவடிப் பட்டை பூட்டாத கதை

விரதம் இருந்து எடை கூடிய மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம். (சாயங்காலமாக வாருங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன்.) இதைச் சொல்லி வெட்கப்பட்டு, பிறகு சேர்ந்து சிரித்து, இப்போது எனக்கே அலுத்துப்போய்விட்டது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இன்னும் அலுக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அரிசிக் கிடங்கு ஒன்றில் எனக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை. கல்யாணமான இரண்டாம் வருடம் என் மனைவி சரோஜாவுக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு நாள் காலையில் நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமலே தாண்டிப் போனார். அங்கேயே நின்று, "இவளைக் கொடுத்துவிடு, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்" என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். கொடுத்துவிட்டான்.

காவடி செய்துகொடுத்தவர் பட்டறைக்காரர் கோவிந்தசாமி அண்ணன். விரதம் தொடங்குவதற்கு முன்பே என் இடுப்பை நூல் வைத்து அளந்து இரும்புப் பட்டை அடித்தார். காவடியின் பாரம் முழுவதும் அந்தப் பட்டையில்தான் நிற்கும். வயிற்றுக்கு முன்னால் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு போல்ட்.

"விரதத்துல எல்லாரும் இளைப்பாங்க தம்பி. அதான் கொஞ்சம் இறுக்கமாவே அடிச்சிருக்கேன்" என்றார்.

நாற்பத்தெட்டு நாள். கவிச்சி கூடாது, தரையில் படுக்கை, மதியம் மட்டும் ஒருவேளைச் சாப்பாடு. அந்த ஒருவேளை எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. (நானும் கேட்கவில்லை.) இனி நாளைக்குத்தானே என்ற பயத்தில் மூன்று வேளைச் சோற்றையும் ஒரே இலையில் முடித்தேன். எனக்காகச் சரோஜாவும் விரதம் இருந்தாள். அவள் இலையில் ஒரு கைப்பிடிச் சோறு, என் இலையில் ஒரு குன்று.

இது போதாதென்று கடைசி வாரம் சந்துக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். காவடி எடுப்பவருக்குச் சோறு போட்டால் புண்ணியம். வேண்டாம் என்றால் அவர்கள் மனசு நோகும். மதியமானால் நாலைந்து வீட்டுத் தூக்குச்சட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். புளிசாதம், வடை, அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், பாயசம்.

"இன்னொரு கரண்டி, சாமி."

என்னை அதுவரை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. அந்த மரியாதையில் மயங்கித் தின்றேன். உப்புக்கும் புளிக்கும் தாகம் எடுத்தது. மோர் குடித்தேன், குடம் குடமாக.

தைப்பூசத்தன்று காலை, ஊர்வலம் புறப்படும் கோயிலின் முற்றம். பட்டையை இடுப்பில் வைத்துக் கோவிந்தசாமி அண்ணன் இழுத்தார். முழங்காலை என் முதுகில் ஊன்றி மறுபடி இழுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி.

"என்ன தம்பி, விரதம் இருந்தீங்களா, விருந்துக்குப் போனீங்களா?"

சுற்றி நின்றவர்களில் ஒருவர், "மறைச்சு ஆட்டுக்கறி சாப்ட்டிருப்பாருலா" என்றார். எனக்கு அழுகை வந்தது. வேண்டுதல் தவறினால் காய்ச்சல் மறுபடி அவளிடம் வந்துவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். சரோஜா பால்குடத்தோடு நின்று என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பி மணி ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், டாக்டருக்கு உதவியாள். குனிந்து என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினான். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"கறியெல்லாம் இல்ல. இது தண்ணி. உப்பு உள்ள போனா தண்ணிய புடிச்சு வச்சுக்கும். ரெண்டு நாள்ல வடிஞ்சிரும், அத்தான்."

"ஊர்வலம் இப்பவே கெளம்புதுடா."

"அப்ப கயித்தால கட்டுங்க."

போல்ட் போட வேண்டிய இடத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கோர்த்து முடிச்சுப் போட்டார் கோவிந்தசாமி அண்ணன். போல்ட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நடந்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சிலிகி ரோட்டில் வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. ஒரு வாரத்து மோரும் வேர்வையாக ஊற்றியது. கயிறு தளர்ந்தது. மணி இறுக்கினான். மறுபடி தளர்ந்தது. டோபி காட் வருவதற்குள் பட்டை தொப்புளுக்குக் கீழே இறங்கி, காவடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மயிலிறகு என் கண்ணைக் குத்தியது. காலையில் பூட்டாத பட்டை இப்போது நிற்கவில்லை. ஆடி வர வேண்டியவன், அவிழும் வேட்டியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆட்டம் புதுசாக இருக்கிறது என்று சில பேர் ரசித்தார்களாம்.

ஊர்வலம் முடியும் டேங்க் ரோட்டுக் கோயில் வாசலில் கோவிந்தசாமி அண்ணன் கயிற்றை அறுத்துவிட்டுப் பையிலிருந்த போல்ட்டைப் போட்டுப் பார்த்தார். கஷ்டப்பட்டுத்தான், ஆனால் பூட்டியது.

"இப்ப பூட்டி என்ன செய்ய?" என்று கழற்றினார்.

காவடியை இறக்கி வைத்ததும் சரோஜாவிடம், "இது சேருமா சரோஜா? சாமி ஏத்துக்குமா?" என்று கேட்டேன்.

"போன வருசம் கட்டில்லேர்ந்து எறங்க முடியல. இன்னிக்கு மூணு மைல் குடத்தோட நடந்து வந்திருக்கேன். சேராம என்ன?" என்றாள். கூட்டத்தில் நின்று அழுதேன். அவள் தோளைத் தொட்டேன். எலும்பாக இருந்தது. விரதம் இருந்தவள் அவள்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

மணி சொன்னபடி தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஆனால் கிடங்குத் தராசில் ஏறிப் பார்த்தால் பழைய எடைக்கு மேல் ஏழு பவுண்டு நின்றது.

"அது தண்ணி இல்ல அத்தான். அது மத்த நாப்பது நாளு" என்றான்.

அந்த ஏழு பவுண்டு இன்னும் என்னோடுதான் இருக்கிறது. துணைக்கு நிறையச் சேர்த்துக்கொண்டும்விட்டது. இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் மகன் வீட்டில் இருக்கிறோம். போன மாதம் டாக்டர், எடையைக் குறைக்காவிட்டால் முழங்கால் தாங்காது என்றார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது, நாளையிலிருந்து ஒருவேளைதான் சாப்பிடப்போகிறேன் என்று அறிவித்தேன். சரோஜா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க. நீங்க மூணு வேளையும் சாப்பிடுங்க. அப்பதான் இளைப்பீங்க" என்றாள்.