வண்டலூருக்குப் பின்னால் ஒரு வற்றாத அருவி

பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல்லாவரம் தாண்டியதும், மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில், வேறொரு அம்மாளின் தோளுக்கு மேல் வந்தது.

அந்த அம்மாள் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் கைப்பிடியில் தொங்கியபடி அதே பக்கத்தை ஓசியில் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் இமயமலைக்குப் போயிருந்தார். பனி கொட்டுகிறது, மரப்பாலம் ஆடுகிறது, குதிரை நகர மறுக்கிறது. அந்த இடத்தில் அம்மாள் பக்கத்தைத் திருப்பிவிட்டார். (அடுத்த பக்கம் ரவா கேசரி செய்முறை.) எனக்குப் பொறுக்கவில்லை. குதிரையை நானே மனதுக்குள் ஓட்டிப் பாலத்தைக் கடந்தேன். கிண்டியில் இறங்கும்போது இமயமலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தேன், அதுவும் சீசன் டிக்கெட்டில்.

அன்றே தீர்மானித்துவிட்டேன். எழுத்துதான் முக்கியம், ஊர் அப்புறம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் வீடு. கிண்டித் தொழிற்பேட்டையில் கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. வேலை என்றால் இன்னும் தற்காலிகம். ஓராண்டு முடிந்ததும் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் என்ன என்பதை அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். "பர்மனென்ட் ஆனா வேலைக்குப் போ. ஆகலைன்னா அந்தச் செங்கல்பட்டு வரனை வரச் சொல்லிடுவேன்." செங்கல்பட்டு வரனின் போட்டோவை நான் பார்த்திருந்தேன். அதனால் டைப்பிங்கில் ஒரு பிழைகூட வராமல் பார்த்துக்கொண்டேன்.

பிழை எல்லாம் வேறு இடத்தில் வந்தது.

ஆபீசில் எனக்கு அடுத்த மேசை ஸ்டெல்லா. வண்டலூரில் வீடு. ஐப்பசியில் அவள் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கூப்பிட்டிருந்தாள். நல்ல மழைக்காலம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் நடந்தோம். அங்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று. வெட்டிய பாறையின் மேலிருந்து மழைத் தண்ணீர் வழிந்து விழுந்துகொண்டிருந்தது. உயரம் இரண்டு ஆள். அகலம் ஒரு ஜமுக்காளம்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"வசந்தி, நனையறேடி," என்றாள் ஸ்டெல்லா.

"அருவி!" என்றேன்.

"மழைத் தண்ணிடி."

(அவளுக்கு இலக்கிய மனம் கிடையாது.)

அன்றிரவே எழுதினேன். தலைப்பு, "சென்னைக்கு மிக அருகில் ஒரு குட்டிக் குற்றாலம்." (பிற்காலத்தில் மனை விற்பவர்கள் முதல் மூன்று சொற்களை என்னிடமிருந்துதான் எடுத்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.) இரண்டு ஆள் உயரம் ஐம்பதடி ஆனது. ஜமுக்காளம் வெள்ளித்திரை ஆனது. கடைசி வாக்கியம் மட்டும் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. "இந்த அருவி நம்மை அழைக்கிறது." ஓசை போதவில்லை. "வற்றாத" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். "இந்த வற்றாத அருவி நம்மை அழைக்கிறது." ஆஹா! உறை ஒட்டி அனுப்பிவிட்டு மறந்துவிட்டேன்.

பத்திரிகைக்காரர்கள் மறக்கவில்லை. ஆனால் நிதானமாக நினைவு வைத்துக்கொண்டார்கள். கட்டுரை அச்சில் வந்தது மே மாதம், அக்கினி நட்சத்திரத்தில்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் ஆவுடையப்பன் சார் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு ஊர் தென்காசிப் பக்கம். வேலைக்காகச் சென்னை வந்து பதினெட்டு வருடம். குரோம்பேட்டையில் குடியிருந்தார். அந்த வீட்டுப் போர் தண்ணீரைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது. "குளிச்சா அழுக்குப் போகணும், இங்க உப்புல்லா ஒட்டுது," என்பார்.

மேசையில் பத்திரிகை விரித்துக் கிடந்தது. சார் என்னைப் பார்த்த பார்வையில் ஈரம் இருந்தது.

"ஏம்மா வசந்தி, இது நீதானா?"

"ஆமா சார்."

"நிஜமா விழுதா?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். ஆனால் அச்சில் என் பெயர் எனக்கு எதிரிலேயே இருந்தது. "விழுது சார்," என்றேன்.

"பதினெட்டு வருஷமாச்சும்மா, தலையில அருவி விழுந்து. ஊருக்குப் போற நேரமெல்லாம் கல்யாணம், இல்லைன்னா காரியம். சீசன்ல போக வாய்க்கவே இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை நானும் கோமதியும் வாரோம். நீதான் வழி காட்டணும். உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் இந்தா இருக்கு பாரு. குளிச்சிட்டு வந்து திங்கட்கிழமை சந்தோஷமா கையெழுத்துப் போடுதேன்."

சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் நானும் ஸ்டெல்லாவும் குவாரிக்கு ஓடினோம். பாறை எரிந்தது. வெள்ளித்திரை விழுந்த இடத்தில் ஓர் ஆடு படுத்திருந்தது. எங்களைப் பார்த்தும் அது எழுந்திருக்கவில்லை.

"அருவி எங்கடி?" என்றாள் ஸ்டெல்லா.

"இங்கதான் இருந்துச்சு."

"யாராவது தூக்கினு போயிட்டாங்களா? போலீஸ்ல சொல்லுவோமா?"

"ஸ்டெல்லா, செங்கல்பட்டு வரன்டி…"

"உண்மையைச் சொல்லிடு. சார் நல்லவர். திட்டிட்டு விட்டுடுவார்."

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஸ்டெல்லா வீட்டுத் தெருவிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று வழிய வழிய வந்தது. அங்கிருந்த விவசாயக் கிணற்றில் நிரப்பி நகரத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோகும் லாரி. ஓட்டுநர் ஏழுமலை, ஸ்டெல்லாவின் அண்ணனுக்குச் சிநேகிதர். நான் கையை நீட்டி மறித்தேன்.

"இந்த லாரி அந்தப் பாறை மேல ஏறுமாங்க?"

"குவாரி ரோடு கீதுக்கா. கல்லு லோடே ஏறும், தண்ணி ஏறாதா? இன்னாத்துக்கு?"

"மேலேருந்து தண்ணி விடணும். அருவி மாதிரி."

ஏழுமலை என்னையும் பாறையையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஷூட்டிங்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா, "ஆமாண்ணா," என்றுவிட்டாள். (உண்மையைச் சொல்லச் சொன்னவள்!)

ஏழுமலை காசே வேண்டாம் என்றார். படத்தில் ஒரு லாரி டிரைவர் வேடம் இருந்தால் போதுமாம்.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"மெதுவா வுட்டா அர அவரு ஓடும்கா."

அரை மணி நேரம் எந்த மனிதனும் குளிப்பதற்குப் போதும் என்று கணக்குப் போட்டேன். தென்காசிக்காரர்கள் எப்படிக் குளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை சார் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் அவர் மனைவி கோமதியம்மா. மடியில் புளியோதரைத் தூக்கு, நல்லெண்ணெய் பாட்டில், சீயக்காய்ப் பொட்டலம், இரண்டு துண்டு. நான் ஸ்டெல்லாவின் சைக்கிளில் முன்னால் போனேன். ஸ்டெல்லா பாறைக்கு மேலே ஏழுமலையுடன் நின்றாள். நான் குடையை விரித்தால் அவள் சொல்ல வேண்டும், அவர் வால்வைத் திறக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

பாறை கண்ணில் படுவதற்குச் சற்று முன் குடையை விரித்தேன்.

விழுந்தது ஐயா! விழுந்தது! ஏழுமலை "மெதுவா" என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. கதாநாயகன் வருகிற காட்சிக்குக் கஞ்சத்தனம் எதற்கு என்று முழு வால்வையும் திறந்திருந்தார். நான் எழுதியதைவிட நன்றாக விழுந்தது. ஆடு எழுந்து ஓடியது.

சார் ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல் நின்றார். "ஏ கோமதி… விழுதுட்டீ!"

கோமதியம்மா மூக்கைச் சுளித்தார். "டீசல் நாத்தம் அடிக்குதே?"

"பக்கத்துக் குவாரிம்மா," என்றேன்.

"மேல ஏதோ வண்டி உறுமுதே?"

"அதுவும் குவாரிதாம்மா. சார், குளிங்க சார்."

சார் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எண்ணெய் பாட்டிலைத் திறந்தார். உள்ளங்கையில் ஊற்றி, உச்சந்தலையில் வைத்து, தாளம் போடுவதுபோல் தட்டத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் பல்லாவரத்து மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் நாளைய தண்ணீர் சடசடவென்று வீணாகிக்கொண்டிருந்தது.

"சார், எண்ணெய் வேண்டாம் சார். அப்படியே நில்லுங்க."

"எண்ணெய் தேய்க்காம அருவியில நிக்கவா? நல்லா சொன்ன போ."

இடது தோள். வலது தோள். முழங்கை. அருவி கொஞ்சம் மெலிந்தது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

"சார், சீக்கிரம்!"

"என்னம்மா அவசரம்? நீதான வற்றாத அருவின்னு எழுதியிருக்க?" என்று சிரித்தபடி முழங்காலுக்கு வந்தார்.

தன் எழுத்தைத் தன்னிடமே ஒருவர் மேற்கோள் காட்டும்போது எழுத்தாளருக்குப் பெருமையாக இருக்க வேண்டும். நான் பாறை உச்சியைப் பார்த்தேன்.

ஒருவழியாக எழுந்து உள்ளே போனார். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் பாறையில் ஊன்றி நின்றார். தண்ணீர் பிடரியில் அறைந்தது. "ஓ…" என்று ஒரு சத்தம் போட்டார். ஆபீசில் ஒருநாளும் குரலை உயர்த்தாத மனிதர். சின்னப் பையன் குரல் மாதிரி அது எதிரொலித்தது. கோமதியம்மாகூட மூக்கைச் சுளிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடம், நான் செய்ததெல்லாம் நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது.

பிறகு சார் வெளியே வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சீயக்காயைக் குழைத்துத் தலை, முகம், நெஞ்சு என்று அப்பினார். கையை முன்னால் நீட்டியபடி அருவியைத் தேடி நடந்தார்.

பாறையில் கை பட்டது. தண்ணீர் படவில்லை. இன்னும் ஓரடி நகர்ந்தார். இடது பக்கம் தடவினார். வலது பக்கம் தடவினார்.

"வசந்தி… அருவிய எங்கம்மா?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது வானத்திலிருந்து பதில் வந்தது. பாறை விளிம்பில் சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக ஏழுமலை தோன்றினார்.

"யக்கா! டேங்கு காலி! இன்னொரு டேக் எடுக்கணும்னா இன்னொரு லோடு அட்ச்சினு வரணும்! கட் சொல்ட்டாங்களா?"

அவருக்குப் பின்னால் ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாரும்மா அது?" என்றார் சார், மூடிய கண்ணோடு.

சீயக்காய் கண்ணுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. கிணற்றில் மூன்று மணிக்கு மேல்தான் கரண்ட் வரும் என்றார் ஏழுமலை. ஸ்டெல்லா தெருவிலும் அதே கதைதான். பக்கத்தில் குழாய் இருப்பது உயிரியல் பூங்கா வாசலில்தான். சாரைக் கைத்தாங்கலாக லாரியில் ஏற்றினோம். துண்டோடு, பழுப்புப் பூச்சோடு, எண்ணெய் மின்ன, ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் போன கோலத்தைப் பார்த்து எதிரே வந்த பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஏழுமலை வழியெல்லாம், "சார் இன்னா வேஷம் கட்றாரு? சித்தரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வாசல் காவலர் தடுத்தார். "டிக்கெட் எடுத்தீங்களா?"

"பார்க்கறதுக்கு இல்லீங்க. கழுவறதுக்கு," என்றேன்.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். குழாயடியில் சாரைக் குனிய வைத்து நானும் கோமதியம்மாவும் தண்ணீர் ஊற்றினோம். வரிசையிலிருந்து ஒரு குரல், "மிஸ், இது கூண்டுக்கு வெளியில இருக்கே?" என்றது.

கோமதியம்மாதான் முதலில் சிரித்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சார் சிரிக்கவில்லை. ரத்தச் சிவப்பான கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜமுக்காளம் முதல் லாரி வரை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி நான் செங்கல்பட்டு வரனின் போட்டோவை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். மூக்கு பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள முயன்றேன்.

திங்கட்கிழமை சார் உட்காரச் சொல்லவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே அவர் கையாலேயே ஒரு வரி: "இன்று முதல் தாமதத்துக்கான கடிதங்கள் அனைத்தையும் இவரே எழுதுவார்."

எங்கள் கம்பெனி எந்தக் கீலையும் சொன்ன தேதியில் அனுப்பியது கிடையாது.

"இல்லாத அருவியை என்னையே நம்ப வச்சிட்ட. வராத சரக்கை கஸ்டமர நம்ப வைக்க மாட்டியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒரு நிமிஷம் நல்லாத்தாம்மா இருந்துது," என்றார்.

செங்கல்பட்டு வரன் வரவில்லை. ஏழு வருடம் அந்தக் கடிதங்களை எழுதினேன். இடையில் நானே பார்த்து ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் தலைக்கு சோப்புப் போட்டிருக்கும்போது குழாய் நின்றாலும், குளியலறையிலிருந்து வருகிற சத்தம், "யக்கா, டேங்கு காலி!" என் மாமியார்கூட அப்படித்தான் கத்துவார்.

சார் ஓய்வு பெற்றுத் தென்காசிக்கே போய்விட்டார். போன வாரம் கார்டு போட்டிருக்கிறார். சாரல் தொடங்கிவிட்டதாம். வந்தால் தங்க இடம், சாப்பாடு எல்லாம் கோமதியம்மா பொறுப்பு. ஒரே நிபந்தனை, பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இதுவரை ஓர் அருவியிலும் நான் தலையை நனைத்ததில்லை என்ற உண்மையை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாவும் வருகிறாள். ஆனால் முதலில் மேலே ஏறிப் பார்த்து, லாரி எதுவும் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எண்ணெய் பாட்டிலைத் திறப்பாளாம்.