மாலையில் ஆள் அனுப்புகிறவர்

இங்கிலாந்தில் கவுண்டி என்னும் மாவட்ட அணிகளுக்குக் கிரிக்கெட் ஆடியே குடும்பம் நடத்தும் மட்டையாளர்களில் ஒரு தனி இனம் உண்டு. மதியம் புலி, மாலையில் பூனை. வெயில் அடித்து, ஆடுகளம் தார்ச்சாலைபோலக் கிடந்து, எதிரணியின் வேகப்பந்து வீச்சாளர் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட நாளில் இவர் மட்டையைச் சுழற்றும் அழகே அழகு. மேகம் கூடினால்? தொடையில் பிடிப்பு.

வட இங்கிலாந்தில் எங்கள் கவுண்டியில் இந்த இனத்தின் திலகம் டெஸ்மண்ட் ஆர்மராட். தலை நரைக்கும்வரை ஆடினார். நாட்டுக்காக ஆட யாரும் அழைக்கவில்லை. தேர்வாளர்களுக்கு வடக்கே கண் தெரியாது என்பது அவர் கட்சி.

அன்றைய ஆட்டம் முடியும் நேரத்தில் விக்கெட் விழுந்தால், நல்ல மட்டையாளரைக் காப்பாற்ற ஒரு பந்துவீச்சாளரை முன்னால் அனுப்புவார்கள். நைட்வாட்ச்மேன் என்று பெயர். இந்த வழக்கம் தமக்காகவே பிறந்தது என்று டெஸ்மண்ட் நம்பினார். பலியாடு எப்போதும் பாரி என்ட்விசில். பகலெல்லாம் பந்து வீசிவிட்டு பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

"பாரி, கொஞ்சம் போய் நில்லுப்பா. வெளிச்சமே இல்ல, பந்து தெரியல."

"உங்களுக்கே தெரியலன்னா எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? நீ அவுட்டானா யாரு கேக்கப் போறா?"

பாரி விலாவில் அடி வாங்குவான். மறுநாள் வெயிலில் டெஸ்மண்ட் உலாவ வருவார்.

அந்தச் செப்டம்பரில், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் கேப்டன் லம்லி அவரைத் தனியே அழைத்தார். "அடுத்த வருஷம் உங்கள வச்சுக்கிறதா வேண்டாமான்னு கமிட்டி இந்த மேட்ச்ச பாத்துதான் முடிவு பண்ணும். ரன் எடுத்துக் காட்டுங்க, டெஸ்."

டெஸ்மண்ட் கண் கலங்கினார். மனைவி மோரீன் பிளாஸ்கும் பிரார்த்தனையுமாக வந்து உட்கார்ந்தார்.

மாலையில் விக்கெட் விழுந்தது. அடுத்தது டெஸ்மண்ட். வானம் கரிப்புகை.

"இன்னிக்காவது நீங்களே போங்க," என்றார் லம்லி.

"காலையில வெயில் வரும். அப்ப பாருங்க என் ஆட்டத்த."

பாரி போனான்.

காலையில் வெயில் வந்தது. வெயில் பாரிக்கும் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாலும் பந்து எல்லைக் கோட்டுக்கு ஓடியது. எதிர்முனையில் நின்றவரும் அவுட்டாகவில்லை. உணவு இடைவேளை போயிற்று, தேநீர் போயிற்று. காலில் பேடும் கையில் மட்டையுமாக டெஸ்மண்ட் பால்கனியில் காத்திருந்தார். முதலில் கைதட்டினார். பிறகு விரல் நகத்தைக் கடித்தார். பாரி சதம் போட்டபோது மைதானமே எழுந்து நின்றது. அவரும் நிற்க வேண்டியதாயிற்று. அப்போது லம்லி கையசைத்தார். போதும், எங்கள் இன்னிங்ஸை இத்தோடு முடித்துக்கொள்கிறோம்.

மோரீன் கீழேயிருந்து கேட்டார். "நீங்க எப்பங்க ஆடுவீங்க?"

கல்லும் கரையும் காட்சி. நான் கரையவில்லை.

கடைசி நாள் மழை. ஒரு பந்துகூட வீசவில்லை. கமிட்டித் தலைவர் டெஸ்மண்டின் கையைக் குலுக்கி, தோட்ட வேலை மனதுக்கு நல்லது என்றார்.

சிரிக்கிறீர்கள். சரி. போன மாதம் சம்பந்தி கோபமாக வந்து வாசலில் நின்றபோது, 'குளிக்கிறேன்னு சொல்லு' என்று மனைவியை அனுப்பிவிட்டு, அவர் காபி குடித்துத் தணிந்த பிறகு துண்டால் துவட்டிக்கொண்டே வந்தீர்களே, தலை நனைந்திருந்ததா?