நீலத் தொப்பியும் குலை தள்ளாத வாழையும்

சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் என்றைக்காவது ஒருநாள் ராசியாகிவிடுவார்கள். நடுவில் புகுந்து விலக்கியவனை மட்டும் இரண்டு பேருமே மறக்க மாட்டார்கள். எந்தப் பயிற்சி முகாமிலும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. ஸ்ரீரங்கத்தில், என் சொந்தத் தங்கையின் கல்யாணத்தில், பந்தல் கயிறு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் ராணுவத்தில் லாரி டிரைவர். காஸாவில் இரண்டு நாடுகளுக்கு நடுவே நின்று சண்டை வராமல் பார்த்துக்கொள்ள, பல தேசத்துப் பட்டாளங்களைச் சேர்த்து ஓர் அமைதிப் படையை அனுப்பியிருந்தார்கள். அதில் நம் பட்டாளமும் இருந்தது. பட்டாளத்தோடு நானும் இருந்தேன். எல்லைக்கோட்டை ஒட்டியிருந்த காவல் சாவடிகளுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுவது என் வேலை. ஆனால் புத்தூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் எழுதிய கடிதங்களில் தண்ணீர் வண்டியே வராது. 'இன்று எல்லையில் சற்றுப் பதற்றம். சமாளித்துவிட்டோம்' என்றுதான் வரும். (பதற்றத்துக்குக் காரணம் ஒரு ஆடு. கோட்டைத் தாண்டி மேயப் போய்விட்டது. அதற்கும் மேலிடத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.) கணக்கு வாத்தியாரான அப்பா, அந்தக் கடிதங்களைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்.

லீவில் வந்து இறங்கியபோது தங்கை தனத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை முசிறி. பரம்பரை பரம்பரையாக வாழை போடுகிற குடும்பம். கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் ஒரு சத்திரத்தில். இரண்டு நாட்டைச் சமாளித்த பையன் என்பதால் அப்பா எனக்குப் பெரிய பொறுப்பாகப் பார்த்துக் கொடுத்தார். வாசலில் கட்ட இரண்டு வாழைமரம் கொண்டு வர வேண்டும்.

கொண்டு வந்தேன். பச்சைப்பசேலென்று, நெட்டையாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. ஒன்றில் குலை இருந்தது. இன்னொன்றில் இல்லை. மரம் என்றால் மரம்தானே என்று கட்டிவிட்டு, நீலத் தொப்பியைச் சரி செய்துகொண்டு வாசலில் நின்றேன். (ஆமாம், பட்டு வேட்டிக்கு மேலே அமைதிப் படைத் தொப்பி. போட்டோவில் இன்னும் இருக்கிறது.)

சாயங்காலம் முசிறி பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ரெங்கசாமி. ஆறடி உயரம், அதற்குத் தகுந்த மீசை. சத்திரத்து வாசலைப் பார்த்தார். வலப்பக்க மரத்தைப் பார்த்தார். இடப்பக்க மரத்தை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார்.

"ஏங்க வாத்தியாரே, கல்யாண வாசல்ல குலை தள்ளாத மரத்தையா கட்டுவாங்க? வம்சம் விளங்க வேணாமா? அதுவும் வாழைக்காரன் வீட்டுக் கல்யாணத்துல!"

அப்பா வாயைத் திறப்பதற்குள் என் தாய்மாமா சிதம்பரம் முந்திக்கொண்டார். "பொண்ணு பார்க்க வந்தீங்களா, மரம் பார்க்க வந்தீங்களா?"

அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்தவர்கள் மொத்தமாக இறங்கினார்கள். சத்திரத்தில் இருந்தவர்கள் மொத்தமாக வெளியே வந்தார்கள். "பையனைக் கூட்டிக்கிட்டு இப்பவே முசிறிக்குத் திரும்பிடுவோம்" என்றார் பெரியப்பா. உள்ளே தனம் மருதாணிக் கையோடு அழ ஆரம்பித்தாள். அப்பா என் தோளைப் பிடித்தார்.

"நீ அங்க ரெண்டு நாட்டையே பிடிச்சு நிறுத்தினவனாச்சேப்பா. இதைக் கொஞ்சம் பாரு. தனம் கல்யாணம் நின்னுடக் கூடாது."

குலை தள்ளிய மரம் ஒன்றைத் தேடிக் கட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கூப்பிடு தூரத்தில் வாழைத் தோட்டம். ஆனால் என் மூளையில் அது ஏறவில்லை. காஸா ஏறிவிட்டது.

பந்தல்காரரிடம் கயிறு வாங்கினேன். சத்திரத்துக் கூடத்தின் நடுவே, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் இழுத்துக் கட்டினேன். ராணுவ முடிச்சு. வாசல் பக்கத்துப் பாதி மாப்பிள்ளை வீட்டாருக்கு, உள்பக்கத்துப் பாதி பெண் வீட்டாருக்கு. யாரும் கயிற்றின் அருகில் வரக் கூடாது. எனக்கு ஒரு ஸ்டூல், நட்டநடுவில்.

"நான் யாரு பக்கமும் இல்லைங்க" என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாக அறிவித்தேன். "எதுவா இருந்தாலும் என் மூலமாத்தான் பேசணும்."

இதைக் கேட்டதும் உண்மையாகவே கூடம் அமைதியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திகைத்துப் போய்த்தான் வாயடைத்து நின்றார்கள் என்பது அப்போது தெரியவில்லை.

முதல் சிக்கல் சமையல்காரரிடமிருந்து வந்தது. அடுப்படி பெண் வீட்டார் பக்கம், கைப்பம்பு மாப்பிள்ளை வீட்டார் பக்கம். "தண்ணி இல்லாம எப்படித் தம்பி உலை வைக்கறது?" என்று கரண்டியோடு வந்து நின்றார். யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். இந்தப் பக்கத்திலிருந்து காலிக் குடம் கயிறு வரை வரும். அங்கிருந்து நிறைகுடமாகத் திரும்பும். பதிலுக்கு அந்தப் பக்கம் காபி போகும். குடத்தையும் காபியையும் நானே கை மாற்றிக் கொடுத்தேன். ஆக, காஸாவிலும் தண்ணீர்தான், ஸ்ரீரங்கத்திலும் தண்ணீர்தான்.

கோட்டை முதலில் மீறியது யாரோ ஒரு உறவுக்காரரின் குழந்தை. கையில் லட்டோடு கயிற்றுக்கு அடியில் புகுந்து போய்விட்டது. தூக்கிக்கொண்டு வந்து, உரிய தரப்பிடம் முறைப்படி ஒப்படைத்தேன். லட்டைப் பிடுங்கத்தான் தூக்கினேன் என்று நினைத்துக் குழந்தை என் காதைக் கடித்தது.

அடுத்து வந்தவர் சிதம்பரம் மாமா. கையில் அரிவாள்!

எழுந்து வழிமறித்தேன். "ஆயுதத்தோட கோட்டைத் தாண்ட விட மாட்டேன் மாமா."

"அட கூறுகெட்டவனே, தோப்புல போயி நல்ல மரமா ஒண்ணு வெட்டியாறேன்டா. என் மேலயும் தப்புதான், வாய் நீண்டுடுச்சு. வாசல் அந்தப் பக்கம்ல இருக்கு? விடுடா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. அரிவாளைக் குடுங்க."

"உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன்டா நானு!"

"இப்ப நான் யாருக்கும் மருமகன் இல்லை மாமா."

அரிவாளை வாங்கி ஸ்டூலுக்கு அடியில் வைத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவே வந்தார். "தம்பி, நாங்க சீர்ல தார் கொண்டு வந்துருக்கோம். அதுல ஒண்ணை அந்த மரத்துல சேர்த்துக் கட்டிடலாமான்னு உங்க அப்பாரைக் கேக்கணும்" என்றார். "நேரில் பார்க்க அனுமதி இல்லைங்க. தகவல் சொல்லிடறேன்" என்றேன். சொல்ல மறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் குடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

விடிந்தது. நாயனம் முழங்கியது. ஒரு சின்னச் சச்சரவுகூட இல்லை. ஜெனரல் யாராவது வந்து பார்த்தால் பதக்கம் குத்திவிட்டுப் போவார் என்று நினைத்துக்கொண்டேன். மணவறையில் தனம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண்ணுக்கு உடன்பிறந்தவன் போய், மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அவன் போய்க் கூப்பிடாமல் மாப்பிள்ளை எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்கவும் கூடாது.

பெரியப்பா கயிற்றருகில் வந்தார். முகம் சிவந்திருந்தது. "முகூர்த்தம் தாண்டப் போவுது. பொண்ணோட அண்ணன் இன்னும் வந்து கூப்பிடலை. எங்களை அவமானப்படுத்தறீங்களா? அரை நாழியில வரலைன்னா பஸ் ஏறிடுவோம். சொல்லிடுங்க தம்பி."

"அப்படியே சொல்லிடறேங்க" என்றேன். விறைப்பாக நடந்து மணவறைக்குப் போனேன். அங்கே அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க தரப்புல சொல்றாங்கப்பா. பொண்ணோட அண்ணன் வந்து கூப்பிடணுமாம். இல்லைன்னா பஸ் ஏறிடுவாங்களாம்."

அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். நாற்பது பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர், அப்படி ஒரு முகத்தை வகுப்பில்கூடக் காட்டியிருக்க மாட்டார்.

"அது யாருடா?"

"யாருப்பா?"

"பொண்ணோட அண்ணன் யாருடா? நீதான்டா!"

"தெரியும்ப்பா. ஆனா நான் போயிட்டா கோட்டை யாரு பார்க்கறது? மாத்து ஆள் வராம காவலை விட்டு நகரக் கூடாதுப்பா."

நாயனம் நின்றது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் தனம் தலை நிமிர்ந்தாள். அந்தக் காலத்தில் மணவறையில் உட்கார்ந்த பெண் வாய் திறந்தாள் என்றால் ஊரே பேசும். தனம் திறந்தாள்.

"அண்ணே, அந்தத் தொப்பியைக் கழட்டு. எனக்கு யாரு பக்கமும் இல்லாத ஆளு வேணாம். என் பக்கம் நிக்கறதுக்கு ஒரு அண்ணன் போதும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கடல் தாண்டிப் போய், முகம் தெரியாத இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்பதைப் பெருமையாக எழுதிக்கொண்டிருந்தவன், கூடப் பிறந்தவள் அழுதபோது ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு கயிற்றை அவிழ்க்க ஓடினேன்.

கயிறு அவிழவில்லை. ராணுவ முடிச்சு! நகத்தால் பிராண்டினேன், பல்லால் இழுத்தேன். பெரியப்பா அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து விறைப்பாக இழுத்தார்.

"சம்பந்தி, அந்த அரிவாளை எடுங்க. வெட்டுங்க."

சிதம்பரம் மாமா ஸ்டூலைக் காலால் தள்ளி, அரிவாளை எடுத்து, ஒரே வெட்டு. கயிறு அறுந்தது. இழுத்த வேகத்தில் பெரியப்பா பின்னால் சாய, மாமா பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் பெரியப்பா மூச்சு வாங்கியபடி. "முதல்ல இவரைத் தூக்குங்க."

இருவரும் ஆளுக்கு ஒரு கையாக என்னைப் பிடித்து மாப்பிள்ளை முன்னால் கொண்டுபோய் இறக்கினார்கள். செம்புத் தண்ணீரை ஊற்றிக் காலைக் கழுவினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவர் பட்டு வேட்டியில் போனது. மாப்பிள்ளை குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்ப நான் தாண்டலாமா மச்சான்?" என்றார். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது.

மத்தியானப் பந்தியில் பெரியப்பாவையும் மாமாவையும் காணோம். தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். இரண்டு பேரும் தோப்பிலிருந்து குலை தள்ளிய மரம் ஒன்றை ஆளுக்கு ஒரு முனையாகச் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். உதவிக்குப் போனேன். "நீ வராதே!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதன் பிறகு பெரியப்பா இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் முசிறி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாழைத்தார் வரும். தாரின் நட்டநடுவில் ஒரு கயிறு சுற்றிக் கட்டியிருக்கும். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, வீடே சிரிக்கும். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு நாற்காலி போடுவார்கள், ஸ்டூல் போட மாட்டார்கள்.

தனத்துக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வராமல் இல்லை. இரண்டு பேருக்கும் வாய் அதிகம். சத்தம் தெருவுக்கு வந்ததும் இருவரில் ஒருவர், "இரு, அண்ணனை வரச் சொல்றேன்" என்பாராம். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து காபி குடிப்பார்களாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை.