ஐந்தரை மணி ஜெபம்

ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு ஆண்டவருக்கு எத்தனை நிமிஷம் குடுக்கிறீங்க?"

கிடங்கு மேற்பார்வையாளருக்கு மனசு சுருக்கென்றது. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுவது அரை நிமிஷம். அதிலும் பாதி, தட்டில் என்ன இருக்கிறதென்று ஓரக்கண்ணால் பார்ப்பதில் போய்விடும். மற்றதெல்லாம் கிடங்குக்குத்தான். லாரி வந்தாலும் போன், வராவிட்டாலும் போன். அன்றைக்குப் பாட்டு நேரத்திலேயே இரண்டு தடவை வெளியே போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அறிவித்தார்.

"நாளையிலேர்ந்து காலையில அஞ்சரை டு ஆறரை பின்னறையில ஜெபம். கதவு சாத்தியிருக்கும். போனையும் அணைச்சிடுவேன்."

மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். ஏழு மணி பஸ்ஸை விட்டால் வேலை போச்சு. சீருடைக்கு இஸ்திரி, நாலு டப்பாவில் சாப்பாடு, இரண்டு மகள்களுக்குச் சடை என்று அந்த வீட்டில் யுத்தம் நடப்பதே அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

"நல்ல காரியம்தாங்க," என்றாள்.

திங்கட்கிழமை அவர் உண்மையாகவே ஜெபித்தார். பத்து நிமிஷம். பிறகு முழங்காலில் இருந்தபடியே நெற்றி கட்டில் மெத்தையில் சாய்ந்தது. மெத்தை மெத்தென்று இருந்தது.

ஆறரைக்கு வெளியே வந்தவரிடம் மனைவி கேட்டாள். "ஜெபம் எப்படிங்க இருந்துச்சு?"

"ரொம்ப ஆழமா இருந்துச்சு."

"தெரியும். அடுப்படி வரைக்கும் சத்தம் கேட்டுச்சு."

செவ்வாயும் ஆழம். புதனும் ஆழம். வியாழக்கிழமை மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள். அவர் திடுக்கிட்டு விழித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இவருக்கு நல்ல சுகம் தந்தீர், ஸ்தோத்திரம்."

"ஆமென்," என்றார்.

"கிடங்கிலயும் நல்ல பேர் தந்தீர்."

"ஆமென்."

"பெண்டாட்டி கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிற மனசு தந்தீர்."

"ஆமென்."

"ஆறு மணிக்கு மேல இந்த அறையை எனக்கு விட்டுட்டு, அடுப்படியை அவரே பார்த்துக்கிற கிருபையும் தரப்போறீர்."

"ஆமெ..." பாதியில் கண்ணைத் திறந்தார். "இரு, இரு. நான் எப்ப சம்மதிச்சேன்?"

"இப்பத்தானே ஆமென் சொன்னீங்க? யார் முன்னால சொன்னீங்கன்னு யோசிச்சுக்கோங்க."

"அது வாய்ப்பழக்கம்டீ."

அவள் சிரிக்கவில்லை. "ஏழு வருஷமா பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதாங்க ஜெபம் பண்றேன். 'முன்னால போ, முன்னால போ'ன்னு கண்டக்டர் கத்துறதுக்கு நடுவுல. ஒரு நாளாவது முழங்கால் போட்டுப் பேசணும்னு ஆசையா இருக்கு."

அவள் எங்கே, எப்போது ஜெபிக்கிறாள் என்று ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. மெல்ல எழுந்து, கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அடுப்பில் பால். மேசையில் இஸ்திரிப்பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. சின்ன மகள் சீப்போடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். பாதிச் சடை கையில் இருக்கும்போது பால் மேலே ஏறியது. விட்டால் சடை பிரியும், விடாவிட்டால் பால் போகும்.

"அம்மாவைக் கூப்பிடட்டுமாப்பா?"

"வேணாம்மா. இருக்கட்டும் பாவம்."

அந்த வாரத்திலேயே முதல் தடவையாக, துளித் தூக்கமில்லாமல், அவர் மனமுருகி ஜெபித்தார். "ஆண்டவரே, இந்தப் பாலைக் கொஞ்சம் பார்த்துக்கும்."

பால் பொங்கி வழிந்தது. ஆண்டவர் அந்த நேரம் பின்னறையில் அவளோடு பேசிக்கொண்டிருந்தார்.